தொட்டிக்குக் கீழே வெட்டிய சட்டம்

எங்கள் கரவனில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்த வீட்டு வண்டியில், குளியல் தொட்டி இருந்தது என்று சொன்னால் நோர்வேக்காரர் நம்புவதில்லை. இங்கே விற்கும் கரவன்களில் ஆள் நின்று திரும்ப முடியாத ஒரு ஷவர்ப் பெட்டி இருக்கும். பலவற்றில் அதுவும் இராது. எங்களுடையது யாரோ ஒருவர் ஆசைப்பட்டு அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கி, பிறகு அலுத்துப்போய் விற்றது. தொட்டி குட்டையானது, மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்தது. கால் நீட்டிப் படுக்க முடியாது. ஆனாலும் என் கணவர் அதைப் பார்த்த அன்றே கரவனை வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார்.

"வாளி வைச்சு வாத்துக் குளிக்கலாம், தண்ணி வெளியிலை போகாது" என்றார்.

அப்போது அவர் ஓஸ்லோவில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்தேன். கரவனை நகரத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத்தில் விடுமுறைக்காரர் முகாமிடும் கம்பிங் திடல் ஒன்றில் நிரந்தரமாக நிறுத்தினோம். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். மே முதல் செப்டெம்பர் வரை சனி, ஞாயிறுகளை அங்கேதான் கழித்தோம்.

வாங்கி நான்காவது வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது, நடை ஐந்து மாதத்தில் ஓரளவு திரும்பியது, கை முழுதாகத் திரும்பவில்லை. பேருந்து ஓட்டும் உரிமம் போயிற்று. வீட்டுக் குளியலறையில் கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சியின் ஆட்கள் வந்து கம்பிகள் பூட்டி ஒரு வெள்ளைக் கதிரையும் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் நான் வேலைக்குப் போனபின் ஓர் உதவியாளர் வந்து அவரைக் குளிப்பாட்டுவார். எல்லோரும் பண்பானவர்கள், ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு வாரம் வந்தது கிடையாது. ஒரு நாள் நான் லீவில் நின்றபோது கதவு இடுக்கால் பார்த்தேன். அவர்கள் தண்ணீர் ஊற்றும் நேரம் முழுவதும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். சவர்க்காரம் படாமல் இருப்பதற்காக மூடியதல்ல அது.

கரவனில் மட்டும் அவர் தனியாகக் குளித்தார். துரொண்ட்ஹெய்மில் உடற்பயிற்சிச் சிகிச்சை படித்துக்கொண்டிருந்த மகள் சொல்லித்தந்தபடி, விளிம்பைத் தாண்ட ஒரு படியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் நான் பூட்டியிருந்தேன். தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கத்தில் நிறைந்த வாளி, இடது கையில் கோப்பை. சுவரில் ஷவர் தொங்கியது. அதை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் வார்ப்பார். வெளியே வரும்போது அவருடைய முகம் பழைய முகமாக இருக்கும். வேறொருவரின் கை படாமல் அவர் குளிக்கக்கூடிய ஒரே இடமாக அது மிஞ்சியிருந்தது. அந்தத் தொட்டியின் அடிதான் ஆடத் தொடங்கியிருந்தது.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு முறை பலகை முனகுவது கேட்டது. அவர் வந்தபின் நான் வெறுங்காலுடன் தொட்டிக்குள் இறங்கினேன். நடுவில் கால் வைத்ததும் அடி கீழே போயிற்று. ஒரு நீளமான அடிமட்டக் கோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன்: என் எடைக்கே ஒரு விரல் தடிப்பு இறங்கியது. என் கணவர் என்னைவிட முப்பது கிலோ கூட. சுவரோரம் பூசியிருந்த சிலிக்கன் நெடுக்காகக் கிழிந்திருந்தது. ஸ்டூலின் நான்கு கால்களும் நின்ற இடங்களில் நான்கு வெண்ணிற வட்டங்கள். அவற்றில் ஒன்றைச் சுற்றி மயிர் போல மெல்லிய வெடிப்புகள்.

"என்னப்பா பாக்கிறீர்?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"தொட்டி ஆடுது."

"அது முந்தியும் ஆடினதுதான்."

"எப்பவிருந்து?"

"போன வருசமிருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் குளிக்க விடமாட்டீர்" என்றார், துவாயால் தலையைத் துவட்டியபடி.

அன்று மாலை மகளோடு தொலைபேசியில் கதைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"வித்துப்போடுங்கோ அம்மா. விழுந்து இடுப்பு முறிஞ்சால் பேந்து சீக்கேயெம்தான். அப்பாவுக்கு வீட்டை எல்லா வசதியும் இருக்குத்தானே?"

முதியோர் பராமரிப்பு விடுதியைத்தான் அவள் சீக்கேயெம் என்றாள். வீட்டில் இருப்பது வசதிதான் என்று நானும் சொன்னேன். கண்ணை மூடுவதைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தொட்டியின் முன்பக்கப் பலகையைக் கழற்றினேன். அவர் வெளியே புல்லில் மடிப்புக் கதிரையில் இருந்தார்; குளியலறை ஜன்னல் அவருடைய தலைக்கு மேலே திறந்திருந்தது. நான் குப்புறப் படுத்து, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன்.

தொட்டியின் விளிம்பு மூன்று பக்கமும் சுவரில் தொங்கியது. அடிப்பாகம் ஒரு பலகையில் தங்கவேண்டும். பலகையை மூன்று குறுக்குச் சட்டங்கள் தாங்கவேண்டும். ஓரச் சட்டங்கள் இரண்டும் இருந்தன. நடுச்சட்டத்தில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு இல்லை. அந்த இடைவெளியில் கழிவுநீர் வளைகுழாய் வசதியாக உட்கார்ந்திருந்தது. பலகை நனைந்து, தேத்தண்ணீரில் தோய்த்த ரஸ்க் போல ஊதியிருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று.

என் தொழிலில் இது தினம் காண்கிற விஷயம். ஈறு முழுவதிலும் படியாமல் இரண்டு ஓரங்களில் மட்டும் தங்கும் பல்தட்டு நடுவில்தான் வெடிக்கும். கொண்டுவருகிறவர் "மெதுவான பாண் ரொட்டிதான் கடித்தேன்" என்பார். பாணில் பிழை இல்லை. எங்கள் தொட்டியும் ஷவருக்குக் கீழே இரண்டு நிமிடம் நிற்கிறவர்களுக்காகச் செய்தது. நாங்கள் அதற்குள் ஸ்டூலைப் போட்டு, முழு வாளியை வைத்து, ஒரு பெரிய மனிதரை அரை மணித்தியாலம் நான்கு சிறு கால்களில் இருத்தினோம். நடுச்சட்டம் இருந்திருந்தால் அதையும் தாங்கியிருக்கும்.

"நடுச் சட்டத்தை ஆரோ வெட்டியிருக்கிறாங்கள்" என்று ஜன்னலை நோக்கிச் சொன்னேன்.

"அது நான்தான்!" என்றார். குரலில் பெருமை இருந்தது. "முதல் குளிருக்குப் பழைய பைப் உறைஞ்சு வெடிச்சதெல்லே? புதுசு வாங்கினன். இஞ்சத்தைச் சைஸ், உதுக்கை போகேல்லை. சட்டம் இடிச்சுது. வெட்டி எடுத்தன். ஒரு மணித்தியால வேலை."

"வெட்டிப்போட்டு வேறை ஒண்டும் முண்டு குடுக்கேல்லையே?"

நான் பலகைத் துகளைக் கையால் அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தேன். "குடுத்திருப்பன்" என்றார். பிறகு, "குடுக்காமலே விட்டனான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கானது மாதிரித் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் காரில் திரும்பினோம். மோர்டென்ஸ்ருட் சுரங்கரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் திருப்பத்தில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் கேட்டார்:

"அப்பவே எனக்கு மூளை பிழைச்சிருக்குமோ?"

"என்ன விசர்க் கதை இது?"

"இல்லை, யோசிச்சுப் பாரும். நடுவிலை தாங்கிறதை வெட்டிப்போட்டு அப்பிடியே மூடிற மனுசன் ஆர்? எனக்கு வெட்டினது ஞாபகம் இருக்கு. மூடினது ஞாபகம் இல்லை."

விளக்கு மாறியது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். நான் காரை எடுத்தேன்.

அடுத்த வாரம் முழுவதும் அந்தச் சந்தேகம் வளர்ந்தது. பக்கவாதம் வருவதற்கு முன் தான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினார். கரவனின் காஸ் குழாயை மாற்றினாரே, அது சரியா? கட்டிலுக்கு மேலே விளக்குக்கு வயர் இழுத்தாரே? பேருந்தில் ஒரு முறை தரிப்பிடம் ஒன்றைத் தாண்டிப் போனாரே, அது எந்த மாதம்? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு, "நீர் ஒருக்காப் போய் அந்தக் காஸைப் பாரும்" என்பார். கையும் காலும் போனதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவை போன நாள் அவருக்குத் தெரியும். அந்த நாளுக்கு முந்திய மனிதரும் பழுதானவரா என்பதுதான் இப்போது கேள்வி. அதற்கு ஆம் என்று பதில் வந்தால் அவருக்குத் தன்னுடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

நான் ஒழுங்கான பதிலொன்று தயாரித்தேன். சனிக்கிழமை, கரவனில், ஈரத்தைக் காயவைக்க மின்சூடாக்கி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வெளியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"வெஸ்ட்லியிலை முதல் இருந்த வீட்டிலை குசினித் தட்டு அடிச்சனீங்கள், ஞாபகமே?"

"ஓம். அதுக்கென்ன?"

"சுவருக்குப் பிளக் வைக்காமல் ஸ்க்ரூவை மட்டும் திருகினனீங்கள். விடியக்காத்தாலை தட்டு, அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் நிலத்திலை. வீடு முழுக்கத் தும்மல்."

"அந்தச் சுவர் காட்போட் சுவர்."

"பிள்ளையின்ரை கட்டில் பூட்டேக்கை நாலு ஸ்க்ரூ மிஞ்சினது. 'கடைக்காரன் கூடப் போட்டு விட்டிருக்கிறான்' எண்டு சொன்னனீங்கள்."

"நீர் ஏன் இப்ப உதெல்லாம்..."

"கார் ரேடியோவைப் பூட்டினீங்கள், ஹோர்ன் அடிச்சால்தான் பாட்டு வந்தது."

"ரெண்டு நாள்தானப்பா! பேந்து திருத்தினனான்!"

"நான் சொல்லுறது என்னெண்டால், நீங்கள் முப்பது வயசிலையும் உப்பிடித்தான். உங்களுக்கு மூளையிலை ஒண்டும் இல்லை. அவசரம்தான். வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுற ஆசை."

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இடது கையால் கோப்பையைப் புல்லில் வைத்தார். "அப்ப இருவத்தைஞ்சு வருசமா ஒரு மொக்கனோடை குடும்பம் நடத்தினனீர், என்ன?" என்றார். எனக்கு அந்தக் கோபம் சந்தோஷமாக இருந்தது. பல மாதங்களாக அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பக்கத்துக் கரவன்காரர், வயதான நோர்வேக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். காலையில் நான் வண்டிக்கு அடியில் இரும்புச் சட்டகத்தைத் தேடித் தவழ்ந்ததை அவர் கண்டிருந்தார். தன்னுடைய தரையும் ஆடுகிறது, உங்கள் மனைவியை வாடகைக்குத் தருவீர்களா என்று என் கணவரிடம் கேட்டார். "வேணுமெண்டால் சும்மாவே கொண்டு போகச் சொன்னன்" என்று தன் பதிலை எனக்குத் தமிழில் சொன்னார் என் கணவர். அந்த ஒரு பின்னேரம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் வழக்கமான பரிசோதனை. எல்லாம் முடிந்து எழும்பும் நேரத்தில் என் கணவர் நோர்வேஜிய மொழியில், சொற்களை முன்பே கோர்த்து வைத்திருந்தவர் போலக் கேட்டார்: பெரிய பக்கவாதத்துக்கு முன்னால், தெரியாமலே சின்னது ஏதாவது வந்திருக்க முடியுமா?

வைத்தியர் இளம் பெண். நேர்மையானவர். திரையில் பழைய மூளைப் படங்களை எடுத்துப் பார்த்தார். சில சின்னத் தழும்புகள் இருக்கின்றன, இந்த வயதில் பலருக்கு இருக்கும், அவை எப்போது வந்தவை என்று சொல்ல முடியாது, அவற்றால் எதுவும் நடந்திருக்கவேண்டும் என்றும் இல்லை என்றார். என் கணவர் நன்றி சொன்னார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்துநிற்கும்போது, "பாத்தீரே" என்றார். அவ்வளவுதான். என்னுடைய தட்டும் கட்டிலும் ரேடியோவும் அந்த ஒரு சொல்லுக்குமுன் நிற்கவில்லை.

பழுதுபார்க்கும் வேலையை நான் தனியாகச் செய்தேன். கோடை விடுமுறையின் முதல் வாரம் அதற்கே போயிற்று. ஊதிய பலகையைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தேன். கீழே கரவனின் தரையில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் இற்றிருந்தது. அதை வெட்டி ஒட்டுப் போட்டேன். வளைகுழாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புதிய சட்டம். வண்டியின் இரும்புக் குறுக்குச் சட்டகம் ஓடும் இடத்துக்கு நேர் மேலே, அவற்றைத் தாங்கக் குட்டையான மரக்கால்கள். முன்பக்கத் திறப்பு ஒடுக்கமானதால் புதிய ஒட்டுப்பலகையை இரண்டாக அறுத்து உள்ளே தள்ளி, இணைப்பு சரியாக ஒரு சட்டத்தின்மேல் வரும்படி வைத்தேன். கைவாளால் அறுக்கும்போது மரத்தை அழுத்திப் பிடிக்க ஒரு கை தேவைப்பட்டது.

"இதை ஒருக்கா இடக்கையாலை பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "நான் தொடமாட்டன்."

அதுவே முந்திய வருடமாக இருந்தால், வாளைப் பிடிக்கும் விதம் பிழை, மரம் ஈரம், நான் அளப்பது மட்டும்தான், அறுப்பதில்லை என்று கதிரையிலிருந்தே பத்துக் குறை சொல்லியிருப்பார். இப்போது எதைக் கேட்டாலும் "உமக்குத் தெரிஞ்சபடி செய்யும்" என்றார்.

பலகைக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அதை நிரப்பாவிட்டால் எல்லாம் வீண். ஊதிப் பெருக்கும் நுரையை டின்னிலிருந்து அடிக்கலாம். ஆனால் நுரை பெருகும்போது மெல்லிய தொட்டியை மேலே தள்ளிவிடும். நாங்கள் பல்தட்டின் உட்புறத்தைத் திரும்பப் படியவைக்கும்போது, கலவை இறுகும்வரை ஆளைக் கடித்தபடி இருக்கச் சொல்வோம். அதையே செய்தேன். முதலில் தொட்டியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பினேன். அந்தப் பாரத்தில் அடி தன்னிடத்தில் உட்கார்ந்தது. அதன்பிறகு நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, மறுநாள்வரை விட்டுவிட்டேன். தண்ணீரை வெளியேற்றியபின் வெடிப்புகளைப் பசையால் மூடி, ஸ்டூலின் கால்களுக்குக் கீழே விரிக்க ஒரு தடித்த ரப்பர் பாயும் வெட்டினேன்.

பசை காய்ந்தபின் உள்ளே இறங்கி நின்றேன். அடிமட்டத்தை வைத்தேன். குதித்தேன். அசைவில்லை. நிலத்தில் நிற்பது போலிருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். படியில் ஏறி, கம்பியைப் பிடித்து, உள்ளே வந்தார். முதலில் இடது காலால் மிதித்தார். பிறகு வலது காலைக் கையால் தூக்கி வைத்து மிதித்தார். குனிந்து நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். நான் ஏதாவது ஒரு குறைக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "நான் செய்யேல்லைத்தானே. நம்பிக் குளிக்கலாம்."

பகிடியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார். பலகை முனகவில்லை. நான் செய்த வேலை சரி. அவர் தன் குளியலைத் தனக்கென வைத்துக்கொண்டார். மகளுக்கும் போன் பண்ணி, கரவனை விற்கத் தேவையில்லை என்று சொன்னேன். ஆனால் அந்தக் கோடையில் அவர் எதையும் தொடவில்லை. விளக்கு எரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டார். டப்பா மூடி இறுகினாலும் என்னிடம் நீட்டினார். காஸ் பரிசோதகர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். குழாய் மிகச் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டு, "அது அண்டைக்கு ஏதோ சரியா வந்திருக்கு" என்றார்.

ஓகஸ்ட் முடிவில் கரவன் கதவின் கைப்பிடி கழன்று ஆடத் தொடங்கியது. அவர் இறுக்குவாரா பார்ப்போம் என்று நான் கண்டும் காணாதது போல விட்டேன். அவரும் தினம் பல தடவை அதைப் பிடித்துத் திறந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், "கைப்பிடி ஆடுது, பாரும்" என்றார்.

பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்தேன். வழுக்கியது. மறுபடி வைத்தேன்.

"அது நட்சத்திர முனையப்பா" என்றார் கதிரையிலிருந்து. "நீர் கொண்டு போனது சிலுவை முனை. தலையை அரைச்சுப்போடுவீர். பெட்டியின்ரை மேல்தட்டிலை, மஞ்சள் பிடி."

பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் மஞ்சள் பிடி இருந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து திருகாணியின் தலையைக் கண்டிருக்க முடியாது.

"அப்ப நீங்களே வந்து இறுக்குங்கோ" என்று அதை நீட்டினேன்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் பார்த்தார்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாள் நாங்கள் மோர்டென்ஸ்ருட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது. கதவைப் பூட்டும்போது கைப்பிடி என் கைக்குள் ஆடியது. கரவனுக்குள் அவர் வழக்கமாக இருக்கும் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் மஞ்சள் பிடி ஸ்க்ரூட்ரைவரை முன்பே வைத்திருந்தேன்; கைப்பிடியை அப்படியே விட்டு வந்தேன்.